சொந்தக்காரர்கள் வருகிறார்கள்

மலேசியாவில் கிள்ளானுக்குப் போய் இறங்கிய அரை மணி நேரத்தில் என் தங்கை மல்லிகா எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டாள்.

"அக்கா, நீ சும்மாதானே இருக்கப் போற? ஷர்மினி கூடப் போய் வீடு பாரு. எனக்கு இவர விட்டுட்டு நகர முடியல."

இவர் என்றது அவள் கணவர் குணாவை. துறைமுகத்தில் ஒரு லோரிக் கம்பெனியில் சூப்பர்வைசர். முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, கூடத்தில் காலை நீட்டி ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "மல்லி, தண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கத்தான் நான் திருச்சியிலிருந்து கிளம்பி வந்தேன். பார்த்தாயிற்று. நன்றாகத்தான் இருந்தார்.

ஷர்மினி அவர்களுடைய ஒரே பெண். இருபத்தைந்து வயது, பிசியோதெரபிஸ்ட். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஏழு மணி ஷிப்ட். கிள்ளானில் இவர்கள் இருக்கும் பண்டமாரானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தாலும் ஏழு மணிக்குப் போய்ச் சேர முடியாது. ஆறு மாதம் சோதனைக் காலம், தாமதமாக வருகிறவர்களை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று மருத்துவமனையில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை. ஆக, ஐந்து நாளில் ஒரு வீடு.

"இவ்வளவுதானே?" என்றேன். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு மாடியைப் பதினெட்டு வருடமாக வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பவள் நான். வீட்டு விஷயமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போதுகூட மாடி காலியாகத்தான் இருந்தது. யார் வந்து கேட்டாலும் நான் திரும்பி வரும்வரை எதுவும் சொல்லக்கூடாது என்று என் வீட்டுக்காரரிடம் கண்டித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் இளகிய மனசுக்காரர். யார் முகம் வாடினாலும் சாவியைக் கொடுத்துவிடுவார்.

புதன்கிழமை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தோம். இளஞ்சிவப்பு ஸ்டிக்கர், சில்லென்று ஏசி, யாரும் யார் மடியிலும் உட்காரவில்லை. திருச்சி பாசஞ்சரை நினைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன். ஷர்மினி போனில் விளம்பரங்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். பதில்கள் டிங் டிங்கென்று வந்தன. வீடு எத்தனை அறை, எப்போது பார்க்கலாம் என்பதற்கெல்லாம் முன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

"ரேஸ் கேக்கறாங்க பெரியம்மா. என்ன இனம்னு."

"இந்தியர்னு சொல்லு. அதுக்கென்ன?"

சொன்னாள். டிங் சத்தம் நின்றுபோயிற்று. ஷா ஆலம் நிலையம் வரும்வரை போன் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவள் சில விளம்பரங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். 'சீனர்கள் மட்டும்' என்று ஒன்று. இன்னொன்று இன்னும் தெளிவு: 'இந்தியர் வேண்டாம், மன்னிக்கவும்.' மன்னிப்பு வேறு கேட்டிருந்தார்கள்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. முப்பது வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவள். மலேசியாவில் மூன்று இனத்தாரும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று போர்டில் எழுதிப் போட்டு, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். "இந்தக் காலத்திலயா? இதக் கேக்க ஆளில்லையா?" என்று சத்தமாகவே கேட்டேன். எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டு என்ன பண்றது? வீட்டக் குடுப்பாங்களா? விடுங்க லா பெரியம்மா" என்றாள் ஷர்மினி, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டே வரும் 'லா'வோடு. அவள் குரலில் கோபம்கூட இல்லை. மழை வருகிறது, குடை எடுத்துக்கொள் என்பது மாதிரி இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும் என் கோபம் கொஞ்சம் ஆறியது. சாப்பாடு அப்படி. வாழை இலையில் சோறு, கூட்டு, பாகற்காய் வறுவல், மோர் மிளகாய். பரிமாறியவர் வங்கதேசத்துக்காரர். "அக்கா, ரசம் ஊத்தவா? இன்னும் கொஞ்சம் சோறு?" என்று சுத்தமான தமிழில் உபசரித்தார். இங்கே வந்து மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டாராம். வெளியே பூக்கடையில் மல்லிகை, பக்கத்தில் பழைய பாட்டு, எதிரே ஒரு சீனக் கோவில், தள்ளி ஒரு சர்ச். இந்தத் தெருவில் இனம் பார்ப்பார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

அங்கேயே ஒரு தமிழர் வீடு காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு மாடியேறினோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். நெற்றி நிறைய விபூதி. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நம்ம ஆளு, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் மனைவி மைலோ கலந்து கொண்டுவந்து வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று பெரியவர் ஆரம்பித்தார். "நம்ம ஆளுங்களுக்கு விடறதில்ல. ஒரு தடவ விட்டு சூடு பட்டுக்கிட்டேன். ஜப்பான்காரன் இல்லன்னா சீனன். அவங்கதான் வீட்ட வீடா வச்சிருப்பாங்க."

"பரவால்ல அங்கிள்" என்று ஷர்மினி மைலோவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். நான் குடிக்காமலே வைத்துவிட்டேன். படியிறங்கும்போது, "இவங்களே இப்படிச் சொன்னா மத்தவங்களக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது?" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை அவளுக்கு மருத்துவமனையில் ஏதோ படிவங்களில் கையெழுத்துப் போடும் வேலை; நானும் கூடப் போயிருந்தேன். "நானே வீட்டுக்குப் போய்க்குவேன், எனக்கென்ன ஊர் தெரியாதா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். பூகோள டீச்சர் ஏறியது நேர் எதிர்த் திசை. கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கியபோது நானும் இறங்கினேன். அங்கே கிள்ளானும் இல்லை, தங்கையும் இல்லை. வானத்துக்கும் பூமிக்குமாகத் தங்க முருகன் நின்றுகொண்டிருந்தார். பத்துமலை!

திருதிருவென்று விழித்த என்னை ஒரு மலாய் அம்மாள் பார்த்துவிட்டார். தலையில் முக்காடு, கையில் பலகாரக் கூடை. இந்த வயதுப் பெண்களை இங்கே 'மக்சிக்' என்கிறார்கள், நம் ஊரில் அத்தை என்கிற மாதிரி.

"எங்க போவுது அக்கா?" என்று அவர் தமிழில் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பந்திங் பக்கம் எஸ்டேட்டை ஒட்டி வளர்ந்தவராம். சின்ன வயதில் கூட விளையாடியதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளாம். என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் சரியான ரயிலில் ஏற்றி, பாதி தூரம் கூடவே வந்தார். கூடையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்து, "இது தேங்கா, வெல்லம். மீன் இல்ல, எறச்சி இல்ல" என்று என் கையில் வைத்தார். நான் சைவம் என்று அவராகவே ஊகித்திருந்தார். முருகனைக் கும்பிடாமலே திரும்பிவிட்டேனே என்ற குறை எனக்கு இல்லை. அவர்தான் ஆளை அனுப்பியிருக்கிறாரே.

வெள்ளிக்கிழமை வேறு வழி பிடித்தோம். இது இங்கே பல பேர் செய்கிற ஏற்பாடுதானாம். ஷர்மினியோடு படித்த மெய் லிங் என்ற சீனப் பெண் தன் பேரில் போன் போட்டு, வீடு பார்க்க நேரம் வாங்கிக் கொடுத்தாள். போனில் ஒரே தேன். "வாங்க வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்க" என்றாராம் ஏஜெண்ட். போய் நின்றபோது, லிப்ட் கதவு திறந்ததும் அவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், மெய் லிங்கைத் தேடி.

வீடு அழகாக இருந்தது. சின்னச் சமையலறை, ஜன்னலைத் திறந்தால் மருத்துவமனையே தெரிந்தது. நடந்தே போய்விடலாம். ஷர்மினி ஜன்னல் பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. ஏஜெண்ட், "சமைப்பீங்களா? வாசனை..." என்று இழுத்தார்.

இங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன். முன்னால் வந்து, நிமிர்ந்து நின்று, என் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நாங்கள் சுத்த சைவம். மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. வெங்காயம்கூட எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கிடையாது."

எங்கள் பக்கம் இந்த ஒரு வார்த்தை போதும். கதவு தானாகத் திறக்கும். அந்த மனிதருக்கோ ஒன்றும் புரியவில்லை. "அப்படியா... மசாலாக் கொழம்பு மட்டும் வைப்பீங்களா?" என்று கேட்டார். ஓனரிடம் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தார்.

கீழே வந்ததும் ஷர்மினி கேட்டாள். "பெரியம்மா, நான் சிக்கன் சாப்புடுவேன். இங்க வந்தப்புறம் அம்மாவும் சாப்புடறாங்க. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நம்மள நல்ல மாதிரியான ஆளுங்கன்னு நெனைக்கட்டுமேன்னுதான்."

"அப்ப சிக்கன் சாப்புடறவங்க?"

நான் பேச்சை மாற்றி, டீ குடிக்கலாம் என்றேன். பக்கத்துக் கடையில் தேத்தாரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். டீயை இந்தக் குவளைக்கும் அந்தக் குவளைக்குமாக ஒரு முழம் இழுத்து ஆற்றித் தருகிறார்களே, அதற்கு இங்கே அந்தப் பெயர். பாதி குடிப்பதற்குள் ஏஜெண்டின் செய்தி வந்துவிட்டது. ஷர்மினி படித்துத் தமிழில் சொன்னாள்.

"'சாரி மிஸ். ஓனரோட சொந்தக்காரங்க பினாங்குலேர்ந்து வர்றாங்களாம். அவங்களுக்கே வீடு வேணுமாம்.'" போனைக் கவிழ்த்து வைத்தாள். "சொந்தக்காரங்க யாரும் வரல பெரியம்மா. இது எல்லாரும் சொல்ற கத."

"தெரியும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அது என் வசனம். பதினெட்டு வருடமாக நான் மெருகேற்றி வைத்திருக்கும் வசனம். எங்கள் வாசலில் தொங்கும் போர்டில் 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்று எழுதியிருக்கிறது. வருகிறவர்களிடம் நான் சாதி கேட்பதே இல்லை. நான் படித்தவள் அல்லவா? "சொந்த ஊர் எதும்மா?" என்பேன். சொன்னதும், "அங்க எந்தத் தெரு?" என்பேன். இரண்டே கேள்வி. பதில் எனக்குத் தோதாக இல்லாவிட்டால் முகத்தில் சிரிப்பு மாறாமல், "அடடா, எங்க நாத்தனார் பையன் வர்றதா சொல்லியிருக்கானே" என்பேன். அந்த நாத்தனார் பையன் பல வருடமாக வந்துகொண்டே இருக்கிறான். பாவம், வந்து சேர்ந்தபாடில்லை.

நான் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்கூட ஒரு பெண் அவளுடைய அம்மாவோடு வந்தாள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். எந்தத் தெரு என்று கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள்தான் தெருப் பெயரைச் சொன்னாள், என் கண்ணைப் பார்த்து. நான் உடனே நாத்தனார் பையனைக் கூப்பிட்டுக்கொண்டேன்.

கிள்ளான் திரும்பும் ரயிலில் இதையெல்லாம் ஷர்மினியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"ரேவதி."

"என்ன வேல?"

"நர்ஸு. பக்கத்து ஆஸ்பத்திரியில."

"ஷிப்ட்டா?"

"ஆமா."

அவள் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, வழக்கம்போல் முதலில் என்னிடம்தான் நீட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஷர்மினி மெய் லிங்கை விட்டுவிட்டாள். "இனிமே மறைக்கப் போறதில்ல" என்றவள், போனை எடுத்ததும் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தையாக, "நான் இந்தியன். ஓகேவா?" என்று நேராகவே கேட்டாள். பதினோரு பேர் ஏதேதோ சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, குணாவுக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்த நான், ஒவ்வொரு தடவையும் சாமியை வேண்டிக்கொண்டேன். அடுத்த போனில் ஒரு சீன அம்மாள். ஷர்மினி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"நான் கிழவி. உனக்கு ஓகேவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது அந்தக் குரல். குணாவே வலியை மறந்து சிரித்துவிட்டார்.

மத்தியானமே ஓடினோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. போனில் பேசிய அந்த ஓங் ஆன்டிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் அவர் குடியிருப்பு.

"போன தடவ இருந்தவன் எங்க ஆளுதான்" என்றார். "நல்ல பையன்னு குடுத்தேன். தண்ணி காய்ச்சற ஹீட்டரக் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். உனக்கு ஹீட்டர் வேணுமா?"

"என்கிட்ட ஹீட்டர் இருக்கு ஆன்டி" என்றாள் ஷர்மினி.

"ஆனா ஒண்ணு. உங்க பொண்ணுங்க தலைக்கு எண்ணெய் நெறைய வைப்பாங்க. பாத்ரூம் குழாய் அடைச்சுக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. ஷர்மினி குனிந்து தன் தலையை அவரிடம் காட்டினாள். ஆன்டி தொட்டுப் பார்த்தார். "சரி. எண்ணெய் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் அப்படியொன்றும் தெய்வப் பிறவி இல்லைதான். ஆனால் கொடுப்பதற்குச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு இந்தியாவில வீடு இருக்கா? வாடகைக்கு விடுவியா?"

"ஆமாம்."

"என்னை மாதிரி சீனர் வந்து கேட்டாக் குடுப்பியா?"

"தாராளமாக!" என்றேன், ஒரு நொடிகூட யோசிக்காமல். அது பொய்யில்லை. சீனர் வந்தால் தெருவையே கூட்டி ஆரத்தி எடுத்து அழைத்திருப்பேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டிருக்கவே மாட்டேன். ஆன்டி மகிழ்ந்துபோய் என் தோளைத் தட்டி, "குட் வுமன்" என்றார். ஷர்மினி என்னைப் பார்த்தாள். நான் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குணாவின் கம்பெனி நண்பர் ஒருவர் லோரி கொண்டுவந்தார். மெத்தை, மிக்ஸி, ஹீட்டர், சாமி படம், மல்லிகா இடித்துக் கொடுத்த மீன் குழம்பு மசாலா எல்லாம் ஏறின. மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "காலைல சாப்புடாமப் போவாத" என்று ஆறாவது தடவையாகச் சொன்னாள். புது வீட்டில் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். என் போனில் 'மாடி கேட்டவர்' என்று ஒரு எண் இருந்தது. அழித்துவிட மறந்திருந்தேன்.

"ரேவதியாம்மா? நான் உறையூர் வீட்டுக்காரம்மா பேசறேன்."

"சொல்லுங்க மேடம்."

"வீடு கெடச்சுதாம்மா?"

"இல்ல மேடம். ஹாஸ்டல்ல இருக்கேன். அம்மா ஊருக்குப் போயிட்டாங்க."

"மாடி காலியாத்தான் இருக்கு."

"உங்க நாத்தனார் பையன் வரலயா மேடம்?"

அவள் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை.

"வர்றதா யாருமே சொல்லலம்மா. நான் பொய் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்."

"தெரியும் மேடம்" என்றாள். "படி இறங்கறப்பவே அம்மா சொன்னாங்க."

மெத்தையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஷர்மினி நின்றுகொண்டிருந்தாள். நான் திணறித் திணறி, வீடு வேண்டுமானால் வந்துவிடலாம், என் வீட்டுக்காரரிடம் சாவி இருக்கிறது என்றெல்லாம் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ரேவதி பொறுமையாகக் கேட்டாள்.

"யோசிச்சு சொல்றேன் மேடம்" என்று போனை வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் ஷர்மினி.

"யோசிச்சுச் சொல்றாளாம்."

"யோசிக்கட்டும் லா" என்று சிரித்து, மெத்தையின் இன்னொரு முனையை என் பக்கம் தள்ளினாள். "தூக்குங்க பெரியம்மா."

நான் ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. ஷர்மினி தினமும் ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வேலைக்குப் போய்விடுகிறாள். ஓங் ஆன்டி அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாராம், இவள் பதிலுக்கு மீன் குழம்பு கொடுக்கிறாளாம். வாசலில் இருந்த போர்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ரேவதி இன்னும் கூப்பிடவில்லை. நானும் மறுபடி கூப்பிட்டு அவசரப்படுத்தவில்லை. யோசிக்க அவளுக்கு நிறைய இருக்கும். மாடியைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். இடையில் வேறு இரண்டு பேர் வந்து வீடு கேட்டார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. "ஒரு பொண்ணு வர்றதா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர்கள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.